ரெண்டே மாச ஐஸ்... ஒரே ஆளுக்கு மூணு வேலை! லடாக்கில் ஐஸ் ஹாக்கி எப்படி உயிரோட இருக்கு?

அல்லிநகரம், தேனி பக்கம் ஐஸைப் பார்க்கணும்னா மீன் கடைக்கோ ஜூஸ் கடைக்கோதான் போகணும். அந்த ஐஸ் மேல ஓடி ஆடுற ஒரு விளையாட்டில், 2025-ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. வருஷத்தில் ரெண்டு மாசம்தான் நல்ல ஐஸ் கிடைக்கும் ஊரிலிருந்து இது எப்படி முடிஞ்சது? விரிவாகப் பார்க்கலாம்.

நம்ம ஹாக்கிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

2025 கடைசியில் மதுரையிலும் சென்னையிலும் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் நாம் பார்த்தது தரையில் ஆடும் ஹாக்கி. ஒரு அணிக்கு 11 பேர், 15 நிமிடம் வீதம் 4 பகுதிகள்.

ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பரையும் சேர்த்து ஒரு அணிக்கு 6 பேர்தான் களத்தில் இருப்பார்கள். 20 நிமிடம் வீதம் 3 பகுதிகள். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு. அதன் எடை சுமார் 160 கிராம். எல்லோர் காலிலும் பிளேடு வைத்த ஸ்கேட்டிங் ஷூ. வேகம் அதிகம் என்பதால் ஒருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஆடிவிட்டு வெளியே வந்துவிடுவார், அடுத்தவர் உள்ளே போவார். ஆட்டம் நிற்காது, ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

இந்தியாவில் எங்கே ஆடுகிறார்கள்?

சிம்லாவில் 1920-லேயே இயற்கை ஐஸ் மைதானம் வந்துவிட்டது. இன்னைக்கு இந்த ஆட்டத்தின் தாய்வீடு லடாக்தான். லே நகரத்தின் கர்சூ குளம் உறைந்ததும் அதுவே மைதானமாக மாறிவிடும். இளைஞர்களோடு ராணுவத்தின் லடாக் ஸ்கவுட்ஸ், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை அணிகளும் அங்கே ஆடி வளர்ந்தன. சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் இந்தியா சேர்ந்தது 1989-ல்.

லே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம கொடைக்கானலைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த உயரத்தில் நடந்தாலே மூச்சு வாங்கும். அங்கேதான் ஸ்கேட்டிங் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

மைதானத்தை யார் தயார் செய்வது?

இங்கேதான் விஷயமே இருக்கு. வெளிநாடுகளில் ஐஸை வழவழப்பாக்க வண்டி மாதிரி ஒரு பெரிய எந்திரம் ஓட்டுவார்கள். லடாக்கின் இயற்கை மைதானங்களில் ராத்திரி தண்ணீர் விட வேண்டும். அது உறையும். அது மேல திரும்பத் தண்ணீர் விட வேண்டும். இப்படி அடுக்கடுக்காகத்தான் ஐஸ் கெட்டிப்படும். பனி விழுந்தால் துடைப்பத்தால் கூட்டித் தள்ள வேண்டும். மைனஸ் டிகிரி குளிரில் இந்த வேலையைச் செய்வதில் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே இருப்பார்கள்.

சரி, ஏன் ஒரே ஆளுக்கு மூணு வேலை?

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஐஸ் 60 நாள் இருக்கு, ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மைதானம் கிடைக்குதுன்னு வெச்சுக்கலாம். வருஷத்துக்கு மொத்தமே 60 மணி நேரம்தான். கூரை போட்ட செயற்கை ஐஸ் மைதானம் இருக்கிற நாட்டில் ஒரு பிள்ளை இந்த 60 மணி நேரத்தை ரெண்டு மூணு மாசத்தில் முடித்துவிட்டு, மிச்ச மாதங்களிலும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதனால் லடாக்கில் கோச் வரட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது. நேத்து கத்துக்கிட்டவங்க இன்னைக்குச் சொல்லிக்கொடுத்தாகணும். ஆடுபவர், பயிற்சி தருபவர், தண்ணீர் ஊற்றுபவர் எல்லாமே ஒருத்தராக இருப்பது இதனால்தான்.

பெண்கள் அணி எப்படி வந்தது?

தொடக்கத்தில் பெண்களுக்கு ஸ்கேட்டிங் ஷூவே கிடையாது. ராணுவ பூட்ஸின் அடியில் பிளேடைப் பொருத்தி ஓட்டியவர்கள் உண்டு. ஆண்கள் ஆடி முடித்து, மைதானம் காலியானால்தான் பெண்களுக்கு இடம்.

2016-ல் தைபேயில் முதல் சர்வதேசப் போட்டி. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அடுத்த வருஷமே, 2017-ல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் வெற்றியைப் பார்த்தார்கள்.

அந்த அணியின் கோல் கீப்பர் நூர் ஜஹானுக்குப் பிழைப்பு வேறு. லடாக்கின் பழைய ஓவியங்களையும் கலைப்பொருட்களையும் பழுது பார்த்துக் காப்பது அவர் தொழில். இன்னொரு வீராங்கனை டிஸ்கித் ஆங்மோ, லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளையில் முன்னணியில் இருப்பவர். இந்த அமைப்பு கிராமங்களுக்கே போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்கிறது.

வெளியிலிருந்து உதவி வந்ததா?

வந்தது. 2015-ல் ஆண்கள் அணி குவைத்துக்கு விளையாடப் போகப் பொதுமக்களிடம் ஆன்லைனில் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆடம் ஷெர்லிப் 2009 முதல் லடாக் வந்து பயிற்சி கொடுத்தார். ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்ற கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர் 2018 ஜனவரியில் லே வந்து பெண்களோடு ஆடினார். அதே வருஷம் நவம்பரில், கனடாவின் கால்கரியில் அவர் நடத்தும் போட்டிக்கு இந்தியப் பெண்கள் போய் ஆடிவிட்டு வந்தார்கள்.

செயற்கை ஐஸ் மைதானம் கட்டினால் போதாதா?

கட்டுவது பாதி வேலைதான். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் பெரிய உள்ளரங்க ஐஸ் மைதானம் கட்டினார்கள். ஐஸ் உருகாமல் வைத்திருக்க மின்சாரச் செலவு எகிறும். போட்டி முடிந்ததும் அது பல வருஷம் பூட்டியே கிடந்தது. 2025-ல்தான் மறுபடி உயிர் வந்தது.

இன்னொரு பக்கம், இமயமலை சூடாகிவருகிறது. முன்பு மூன்று மாதத்துக்கும் மேல் ஐஸ் நின்றதாகச் சொல்கிறார்கள் லடாக்கின் பழைய ஆட்டக்காரர்கள். ஐஸ் பத்து நாள் முன்னாடியே உருகினால், மேலே போட்ட கணக்கில் ஆறில் ஒரு பங்கு பயிற்சி காலி. அந்த வருஷம் புதுசாக ஸ்கேட்டிங் கட்ட வேண்டிய பிள்ளைக்குத்தான் முதல் இழப்பு.

இதில் நமக்கு என்ன?

அல்லிநகரத்துக்குப் பக்கத்தில் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டியைப் பார்க்காத தேனிக்காரர்கள் குறைவு. கோவில்பட்டியை ஹாக்கிப்பட்டி என்றே சொல்கிறோம். மைதானத்தில் கோடு போடுபவர், ஸ்கோர் எழுதுபவர், சாயங்காலம் பிள்ளைகளை ஓடவிடுபவர் என நம்ம ஊர்களிலும் சம்பளம் இல்லாத ஆட்கள் இருக்கிறார்கள். மெடல் பட்டியலில் இவர்கள் பெயர் வராது.

லடாக் வெண்கலம் சொல்லும் செய்தி இதுதான்: மைதானத்தை அரசு கட்டித் தரலாம், மின்சாரக் கட்டணத்தையும் கட்டலாம். ஆடி முடித்தபிறகும் வீட்டுக்குப் போகாமல் அடுத்த பிள்ளைக்காக நிற்கும் ஆள் இருந்தால்தான் ஒரு விளையாட்டு அந்த ஊரில் நிலைக்கும். உங்க ஊர் கிரவுண்டில் அப்படி ஒருத்தர் இருந்தால், அடுத்த முறை பார்க்கும்போது பக்கத்தில் போய் ஒரு கை கொடுங்கள். கோடு போடும் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாலே அது பெரிய உதவிதான்.