ஆபரேஷனுக்குப் பிறகு திடீர் குழப்பம்: 'வயசாயிடுச்சு' என்று விடலாமா? இன்ஃபெக்‌ஷன் அறிகுறியாகவும் இருக்கலாம்!

பாத்ரூமில் வழுக்கி விழுந்த பாட்டிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பேரனிடம் சிரித்துப் பேசினார், இட்லி சாப்பிட்டார். இரண்டாம் நாள் இரவு எல்லாமே மாறிவிட்டது. "இது யாரு வீடு? மாட்டைப் புடிச்சுக் கட்டலையா?" என்று கேட்கிறார். கையில் குத்தியிருந்த டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்குகிறார். பக்கத்தில் நிற்கும் மகளையே அடையாளம் தெரியவில்லை.

எலும்பு வார்டில் நைட் ட்யூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்கு இது பழகிய காட்சி. ஆனால் குடும்பத்தினர் ஆடிப்போய்விடுவார்கள். "மயக்க மருந்து இன்னும் தெளியலை" என்பார் ஒருவர். "வயசானா அப்படித்தான்" என்பார் இன்னொருவர். இரண்டுமே ஆபத்தான சமாதானங்கள். ஏன் தெரியுமா?

இதற்குப் பெயர் என்ன?

மருத்துவர்கள் இதை 'டெலிரியம்' என்கிறார்கள். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென வரும் மூளைக் குழப்பம். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாட்களுக்குள் தெரியும். இது பைத்தியம் அல்ல. மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வளரும் மறதி நோயும் அல்ல.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குழப்பம் ஏறும், இறங்கும். மாலையிலும் இரவிலும் அதிகமாகும். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நோயாளி தெளிவாகப் பேசுவார். 'நல்லாத்தானே இருக்காங்க' என்று நினைத்துவிடத் தோன்றும்.

சத்தமே போடாத குழப்பம்

கத்துவது, கட்டிலிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பது மட்டும் டெலிரியம் அல்ல. சிலர் அப்படியே அமைதியாகிவிடுவார்கள். கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவார்கள், பாதிப் பேச்சில் கண்ணை மூடுவார்கள், சாப்பாடு வேண்டாம் என்பார்கள். 'அசதியில தூங்கறாங்க' என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். அடிக்கடி கண்ணில் படாமல் தப்பிப்பது இந்த வகைதான்.

இன்ஃபெக்‌ஷனுக்கும் குழப்பத்துக்கும் என்ன தொடர்பு?

உடலில் கிருமித் தொற்று ஏற்பட்டால் அதை எதிர்க்க ரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் சுரக்கும். அந்த அழற்சி மூளையையும் எட்டும். இளைஞர்கள் இதைத் தாங்கிக்கொள்வார்கள். வயதான மூளை தடுமாறிவிடும்.

முதியவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சலே வராமல் போகலாம். சிலருக்கு உடல் சூடு குறையக்கூடச் செய்யும். அதனால் தெர்மாமீட்டர் சரியாகக் காட்டும்போதே, பேச்சு மாறுவது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு தொற்று வரும் முக்கிய இடங்கள்:

- நுரையீரல் (படுத்தே இருப்பதால் சளி தேங்கி நிமோனியா)
- சிறுநீர்ப் பாதை (யூரின் ட்யூப் வழியாக)
- ஆபரேஷன் செய்த காயம்
- டிரிப்ஸ் ஊசி குத்திய இடம்
- வயிற்று ஆபரேஷன் என்றால் குடல் தையலில் கசிவு

தொடர்பு இருவழிப் பாதை. குழப்பத்தில் இருப்பவர் சரியாக விழுங்க மாட்டார், உணவு புரையேறி நுரையீரலுக்குள் போகும். கட்டை அவிழ்ப்பார், ட்யூபை இழுப்பார். அதனால் புதிதாகத் தொற்று வரும்.

எப்போது அவசரம்?

தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய் உறுப்புகளைப் பாதிப்பதே 'செப்சிஸ்'. இந்த ஆபத்தை வேகமாகக் கண்டுபிடிக்க சர்வதேச நிபுணர்கள் 2016ல் மூன்று அடையாளங்களைச் சொன்னார்கள்: நிமிடத்துக்கு 22 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு, மேல் ரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ், மனநிலையில் மாற்றம். இதில் இரண்டு இருந்தாலே கவனம் தேவை. அதில் ஒன்று குழப்பம் என்பதைக் கவனியுங்கள்.

எல்லாமே இன்ஃபெக்‌ஷன்தானா?

இல்லை. வலி, தூக்கமின்மை, நீர்ச்சத்து குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, ரத்தத்தில் சோடியம் அல்லது சர்க்கரை மாறுவது, சில வலி மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் இரண்டு, மூன்று நாளில் நடுக்கமும் குழப்பமும் வரும். குடிப்பழக்கத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

சிறுநீர் டெஸ்ட்டில் கிருமி தெரிந்தாலே அதுதான் காரணம் என்றும் முடிவு கட்ட முடியாது. முதியவர்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். மற்ற காரணங்களையும் தேட வேண்டும்.

கூட இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

நோயாளி வழக்கமாக எப்படிப் பேசுவார் என்பது டாக்டருக்குத் தெரியாது. வீட்டாருக்குத்தான் தெரியும். சந்தேகம் வந்தால் வயது, பிறந்த தேதி, இது எந்த இடம், என்ன வருஷம் என்று கேளுங்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். நேற்று சொன்னவர் இன்று திணறினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். "நேத்து ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சுது" என்று நேரத்தோடு சொல்வது ரொம்ப உதவும்.

- கண்ணாடி, காது மெஷினை மறக்காமல் போட்டுவிடுங்கள்
- கடிகாரம், காலண்டர் கண்ணில் படும்படி வையுங்கள்
- பகலில் வெளிச்சம், இரவில் இருட்டும் அமைதியும் இருக்கட்டும்
- டாக்டர் அனுமதித்தால் எழுந்து உட்கார, நடக்க, தண்ணீர் குடிக்க உதவுங்கள்
- திட்டாதீர்கள், வாதம் பண்ணாதீர்கள், "நான்தாம்மா, உங்க பொண்ணு. நாம ஆஸ்பத்திரியில இருக்கோம்" என்று பொறுமையாகச் சொல்லுங்கள்
- நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்காதீர்கள், குழப்பம் கூடிவிடும்

சாதாரண விஷயமாகத் தெரியலாம். ஆனால் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பொது வார்டில் இருந்த 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேரிடம் இதேபோன்ற எளிய கவனிப்பைச் சோதித்தார்கள். 1999ல் வெளியான முடிவின்படி டெலிரியம் வந்தவர்கள் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு?

டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஆபத்து முடிவதில்லை. திடீரென உளறுவது, எழுப்ப முடியாத அளவு தூக்கம், வேகமான மூச்சு, காயத்தில் சீழ், சிறுநீர் குறைவது என்று எது தெரிந்தாலும் 'காலையில பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடக் கூடாது. உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம்.

காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை கொடுத்தால் பலருக்குச் சில நாட்களில் தெளிவு திரும்பும். சிலருக்கு வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை மாட்டைத் தேடும் பாட்டியைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நர்ஸைக் கூப்பிடுங்கள்.