கண் சிமிட்டும் கியர் பெட்டி

நம்ம ஊர் பஸ்ஸில் டிரைவர் அண்ணன் கிளட்ச்சை மிதித்து மிதித்து கியர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. கியர் தானாக மாறும். மாற்றுவது எண்ணெயின் அழுத்தம். அந்த எண்ணெய் எந்த வழியில் போகணும் என்று திறந்து மூடுவது சோலனாய்டு என்ற மின்காந்த வால்வு. (ஆணியில் கம்பி சுற்றி காந்தம் செய்தோமே, அதே சங்கதிதான்!) அதற்கு உத்தரவு போடுவது ஒரு சின்ன கம்ப்யூட்டர்.

1990-களில் வந்த டொயோட்டா கார்கள் பலவற்றில் இந்தக் கம்ப்யூட்டர் கோளாறைக் கண்டுபிடித்தால் ஓர் எண்ணாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதைப் படிக்க மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு துண்டு ஒயர் போதும்! ஓ.டி. பட்டனை 'ஆன்' நிலையில் வைக்கணும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பணும். பிறகு பானட்டுக்குள் உள்ள சோதனைப் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு முனைகளை இணைக்கணும். முனை மாறிப்போனால் கம்ப்யூட்டரே கெட்டுவிடலாம், ஜாக்கிரதை!

இப்போது 'ஓ.டி. ஆஃப்' விளக்கு சிமிட்டும். நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டினால் எந்த எண்ணும் பதிவாகவில்லை. ஆறு முறை சிமிட்டி, கொஞ்சம் நின்று, இரண்டு முறை சிமிட்டினால் 62. அதாவது முதல் சோலனாய்டு. 63 என்றால் இரண்டாவது. 42-ம் 61-ம் வேகத்தை அளக்கும் சென்சார்கள்.

62 வந்ததும் கியர் பெட்டியையே இறக்கிவிடுகிற மெக்கானிக்குகளும் உண்டாம். வெளிநாட்டு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த எங்க மாமா சொன்னார். கார்க்காரருக்குத் தண்டச் செலவு! அந்த எண் 'சோலனாய்டு செத்துப்போச்சு' என்று சொல்லவே இல்லை. அதன் மின்சுற்றில் எங்கோ கோளாறு, அவ்வளவுதான். ஒயர் அறுந்திருக்கலாம், பிளக் கழன்றிருக்கலாம். அதனால் முதலில் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கணும். நல்ல சோலனாய்டு 11 முதல் 15 ஓம் வரை காட்டும். அது கெட்டிருந்தாலும் பல கார்களில் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றினாலே மாற்றிவிடலாம்.

இன்னொன்று. எண்ணெய் குறைந்தாலோ, உள்ளே பிளேட் தேய்ந்தாலோ இந்த விளக்கு பெரும்பாலும் வாயே திறக்காது. மின்சாரக் கோளாறு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களுக்கு ஒரே மாதிரி 16 முனை பிளக் கட்டாயமாகிவிட்டது. எண்களும் 'பி0750' என்று நீளமாகிவிட்டன. அதைப் படிக்கக் கருவி வேண்டும்.

சரி, ஒரு கேள்வி. விளக்கு நான்கு முறை சிமிட்டி, நின்று, இரண்டு முறை சிமிட்டுகிறது. எது கோளாறு? விடையை அறிவியல் டீச்சரிடம் சொல்லுங்கள்.

– 9-ஆம் வகுப்பு மாணவி