தாடி ஓணான்: விலையைவிடப் பராமரிப்பே பெரிது

வீட்டுக்கடன் பெற வருவோரிடம் நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு: வீட்டின் விலையோடு, மாதந்தோறும் செலுத்த வேண்டிய தவணையையும் எண்ணிப் பாருங்கள். பெருநகரங்களில் விரும்பி வாங்கப்படும் ‘பியர்டட் டிராகன்’ என்னும் தாடி ஓணானுக்கும் இவ்வறிவுரை பொருந்தும். விலை ஒருநாள் செலவு. பராமரிப்போ 8 முதல் 12 ஆண்டுகள் வரை தொடரும் கடமை.

இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் கிழக்குப் பகுதியிலும் உள்ள வறண்ட நிலங்கள். நம் வேலியோரத்து ஓணானும் இதுவும் அகாமிடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வால் உட்பட 45 முதல் 60 செ.மீ. வரை வளரும். அச்சமோ சினமோ கொண்டால், முட்செதில்கள் நிறைந்த தொண்டைத் தோலை விரித்துக் கறுப்பாக்கிக் காட்டும், அதுவே ‘தாடி’. பகலில் விழித்திருக்கும், கையில் எடுப்பதையும் பொறுத்துக்கொள்ளும். ஆயின் பசித்தாலும் நோயுற்றாலும் குரல் கொடுக்காது. ஓசையின்றி ஒடுங்கிக் கிடக்கும். எனவே அதன் தேவைகளை நாமே முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும்.

இருப்பிடமும் வெப்பமும்

வளர்ந்த ஓணானுக்குக் குறைந்தது 4 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்ட, காற்றோட்டமுள்ள கூண்டு வேண்டும். ஒரு கூண்டில் ஒன்றே இருத்தல் நலம். இரண்டை ஒன்றாக விட்டால் சண்டையிடும், அல்லது வலியது மெலியதை உண்ணவிடாது. தரையில் மணலைப் பரப்பினால், இரையோடு அதையும் விழுங்கிக் குடல் அடைபடக்கூடும். காகிதமோ டைல்ஸோ போதும்.

ஊர்வன தம் உடல் வெப்பத்தை வெயிலுக்கும் நிழலுக்கும் இடம்மாறியே சீர்செய்துகொள்கின்றன. ஆகவே கூண்டின் ஒரு முனையில் விளக்கின் கீழே 38 முதல் 42 டிகிரி செல்சியஸும், மறுமுனையில் ஏறத்தாழ 25 டிகிரியும் நிலவ வேண்டும். இரு முனைகளிலும் வெப்பமானி வைப்பது கட்டாயம். நம் நாட்டுக் கோடையில் அறையின் வெப்பமே 35 டிகிரியைக் கடக்கும்போது, ஒதுங்குவதற்குக் குளிர்ந்த முனை இல்லாமற் போகும். அதுவே உயிருக்கு ஆபத்து. விளக்கைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைப்பது இதற்குப் பாதுகாப்பு. வட மாநிலக் குளிர்காலத்திலோ, இரவில் ஒளி தராத வெப்பமூட்டி தேவைப்படலாம். மழைக்காலத்து ஈரக்காற்று நீடித்தால் சுவாசத் தொற்று வரக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படாத ஒளி

வளர்ப்போர் பலர் தவறவிடுவது புறஊதா-பி கதிரைத்தான். இக்கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் உண்ட கால்சியம் எலும்பைச் சேரும். இல்லையேல் தாடை மென்மையாகும், கால்கள் நடுங்கும், எலும்புகள் எளிதில் முறியும். சன்னல் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுவதால், அதன் வழியே விழும் வெயில் பயன் தராது. இதற்கென உள்ள குழல்விளக்கு நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் எரிய வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் ஆற்றல் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி 6 முதல் 12 மாதங்களுக்குள் மாற்றிவிட வேண்டும்.

உணவு

குட்டிப் பருவத்தில் பூச்சிகள் மிகுதியாகவும், வளர்ந்தபின் இலைகளும் காய்களும் மிகுதியாகவும் தேவை. பூச்சியின் அளவு ஓணானின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தை மிஞ்சலாகாது; கால்சியம் பொடி தூவித் தருவது நன்று. பரங்கிக்காய்த் துருவல், குடைமிளகாய், செம்பருத்தியின் பூவும் இலையும் ஏற்றவை. பாலக்கீரையிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது; ஆகவே அதை அன்றாட உணவாக்க வேண்டா. தோட்டத்துப் பூச்சிகளில் மருந்து கலந்திருக்கலாம். மின்மினிப் பூச்சி ஒன்றே இதன் உயிரைப் பறிக்க வல்லது. வெண்ணெய்ப்பழமும் நஞ்சு.

செலவுக் கணக்கு

75 வாட் வெப்ப விளக்கும் 24 வாட் குழல்விளக்கும் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால், மாதத்துக்கு ஏறத்தாழ 36 யூனிட் மின்சாரம் கூடும். பயன்பாடு மிகும்போது யூனிட் கட்டணமும் உயரும் மாநிலங்களில், இது மொத்தக் கட்டணத்தையே அடுத்த படிக்கு ஏற்றிவிடலாம். இதனுடன் பூச்சி, காய்கறி, மாற்று விளக்கு, ஆண்டுக்கொரு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றையும் கூட்டுக. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. வாங்குமுன்னரே தேடி வைப்பது அறிவுடைமை.

நலமும் சட்டமும்

நலமாகத் தோன்றும் ஓணானிடமிருந்தும் சால்மோனெல்லா கிருமி பரவலாம். தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடலாகாது.

ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்வதைத் தடுத்துள்ளது. எனவே, கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டது என்பதற்கான ஆவணமும் விற்பனைச் சீட்டும் கேட்டுப் பெறுக. அயல்நாட்டு உயிரினப் பதிவு விதிகள் இதற்குப் பொருந்துமா என்பதை மாநில வனத்துறையிடம் உறுதி செய்துகொள்க. வளர்க்க இயலாமற்போனால் வெளியில் விட்டுவிடுவது தீர்வாகாது; முறையாக வளர்க்கக்கூடிய மற்றொருவரிடம் ஒப்படைப்பதே பொறுப்பான செயல்.

முதலில் கூண்டையும் விளக்குகளையும் வாங்கி, ஒரு வாரம் இயக்கி, இரு முனைகளின் வெப்பத்தையும் நாள்தோறும் குறித்துப் பாருங்கள். அளவு சீராக நின்றபின் ஓணானை வீட்டுக்கு அழைத்து வரலாம்.