திண்டுக்கல் டூ தேசிய சட்டப் பல்கலைக்கழகம்: 'கிளாட்' தேர்வுக்குத் தயாராவது எப்படி? முழு விவரம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு, "லா படிக்கணும், கிளாட் எப்போ எழுதணும்?" என்று விசாரிக்கும் மாணவர்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "அந்தத் தேர்வு போன டிசம்பர்லயே முடிஞ்சு போச்சு." நன்றாகப் படிக்கும் பலர் வாய்ப்பை இழப்பது மார்க் குறைவால் அல்ல, தகவல் தாமதமாகத் தெரிவதால்தான்.

இத்தனைக்கும் திண்டுக்கல் மாணவர்களுக்கு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றும் தூரத்தில் இல்லை. தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் முகவரியே, 'திண்டுக்கல் மெயின் ரோடு, நாவலூர் குட்டப்பட்டு, திருச்சி'தான்! பஸ் ஏறினால் சுமார் 2 மணி நேரம். ஆனால் உள்ளே நுழைய கிளாட் ரேங்க் வேண்டும்.

கிளாட் என்றால் என்ன?

நாடு முழுக்க உள்ள 20-க்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் 5 ஆண்டு சட்டப் படிப்பில் சேர்வதற்கான பொது நுழைவுத் தேர்வு இது. 2008-ல் தொடங்கப்பட்டது. இப்போது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. டெல்லியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் 'ஐலெட்' என்ற தனித் தேர்வு நடத்துகிறது.

யார் எழுதலாம்?

பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களும் எழுதலாம். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீத மதிப்பெண் தேவை. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 40 சதவீதம். பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். வயது வரம்பு இல்லை என்பதால், இந்த முறை தவறவிட்டவர்கள் அடுத்த ஆண்டும் எழுதலாம்.

எப்போது விண்ணப்பிக்கணும்?

கடந்த சில ஆண்டுகளாக டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி முதல் 4 மணி வரை தேர்வு நடக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே தொடங்கிவிடும். அதாவது, பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்பே கிளாட் முடிந்துவிடும். கட்டணம் ரூ.4,000. எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ரூ.3,500. தேதியும் கட்டணமும் மாறலாம் என்பதால், கூட்டமைப்பின் இணையதளத்தை ஜூலை முதலே பார்த்து வருவது நல்லது.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று இரண்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். திருச்சி பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பத்தில் பிரிவைத் தவறாகக் குறித்தால், அந்த வாய்ப்பு கைநழுவிப் போகலாம்.

தேர்வு எப்படி இருக்கும்?

2 மணி நேரம், 120 கேள்விகள், 120 மதிப்பெண்கள். ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டம் நிரப்பும் தேர்வு. சரியான பதிலுக்கு 1 மதிப்பெண். தவறான பதிலுக்கு 0.25 மைனஸ். விட்டுவிட்டால் மைனஸ் இல்லை.

* ஆங்கிலம்: 22 முதல் 26 கேள்விகள்
* நடப்பு நிகழ்வுகள், பொது அறிவு: 28 முதல் 32
* சட்டப் பகுத்தறிவு: 28 முதல் 32
* தர்க்கப் பகுத்தறிவு: 22 முதல் 26
* கணக்கு: 10 முதல் 14

கேள்விகள் ஒற்றை வரியில் வராது. சுமார் 450 வார்த்தைகள் கொண்ட பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேட்பார்கள். கணக்குப் பகுதியில் மட்டும் சிறு பத்தியோ படமோ வரும்.

சட்டம் தெரிஞ்சிருக்கணுமா?

தேவையில்லை. விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். அதைச் சம்பவத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஒரு உதாரணம் பார்ப்போம்.

விதி: எதிர்த்தரப்பு சம்மதம் தெரிவிப்பதற்கு முன்பு வரை, ஒருவர் தன் விற்பனை முன்மொழிவைத் திரும்பப் பெறலாம்.

சம்பவம்: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு விவசாயி, 100 மூட்டை வெங்காயத்தைக் குறிப்பிட்ட விலைக்குத் தருவதாக வியாபாரியிடம் சொல்கிறார். "நாளைக்குச் சொல்றேன்" என்கிறார் வியாபாரி. அன்று மாலையே, "உங்களுக்குத் தரலைங்க" என்று போனில் சொல்லிவிட்டு, விவசாயி வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். இது ஒப்பந்த மீறலா?

"வாக்கு கொடுத்துட்டு மாத்தலாமா?" என்று மனசு கேட்கும். ஆனால் வியாபாரி சம்மதம் சொல்வதற்கு முன்பே முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டுவிட்டது. எனவே, விதிப்படி மீறல் இல்லை. நம் நியாய உணர்வை ஓரமாக வைத்துவிட்டு, கொடுத்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொல்வதுதான் இந்தப் பகுதியின் சூட்சுமம்.

கணக்கு கஷ்டமா?

10-ம் வகுப்பு அளவுதான். சதவீதம், விகிதம், சராசரி போதும். நிலக்கோட்டையில் மல்லிகை கிலோ ரூ.400-லிருந்து ரூ.500 ஆனால் 25 சதவீத உயர்வு. அதே ரூ.500 மறுபடி ரூ.400 ஆனால் 20 சதவீத சரிவு. வித்தியாசம் ஏன் என்று புரிந்தால், பாதிக் கிணறு தாண்டியாச்சு.

தமிழ் வழி மாணவர்கள் என்ன செய்வது?

உண்மையான சவால் இங்கேதான். நீட் தேர்வைத் தமிழில் எழுதலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான். மாநில மொழிகளிலும் நடத்தக் கோரி டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2023-ல் இந்திய பார் கவுன்சிலும் அந்தக் கோரிக்கையை ஆதரித்தது. ஆனாலும் அதன் பிறகு நடந்த தேர்வுகளும் ஆங்கிலத்தில்தான் நடந்தன.

அதனால் பிளஸ் ஒன்னிலேயே தொடங்குவது நல்லது. தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு தலையங்கம் படியுங்கள். அதே செய்தியை முதலில் தமிழில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் படித்தால் சீக்கிரம் பிடிபடும். புதிய சொற்களை நோட்டில் எழுதுங்கள். இப்படிச் செய்தால் ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள் இரண்டுக்கும் சேர்த்தே தயாராகிவிடலாம்.

கோச்சிங்குக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பழைய வினாத்தாள்களும் மாதிரித் தாள்களும் கூட்டமைப்பின் இணையதளத்தில் கிடைக்கின்றன. கடைசி 3 மாதம், வாரம் ஒரு தாளை மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து, கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். எங்கே, ஏன் தவறியது என்று பார்ப்பதுதான் முக்கியம்.

தெரியாத கேள்வியை 'கெஸ்' பண்ணலாமா?

4 தவறான பதில்கள் சேர்ந்தால், சரியாக எழுதிய 1 மதிப்பெண் போய்விடும். 4 விடைகளில் 2 நிச்சயம் தவறு என்று தெரிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்வது லாபம். ஒன்றுமே புரியாத பத்தியில் நேரத்தைக் கரைப்பது நஷ்டம்.

செலவு எவ்வளவு? கிடைக்கலைன்னா?

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்குச் சில லட்சம் ரூபாய் செலவாகும். விடுதிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கல்விக்கடன், உதவித்தொகை பற்றி முன்பே விசாரித்து வையுங்கள்.

கிளாட்டில் ரேங்க் வரவில்லை என்றால் வக்கீல் கனவு முடிந்துவிடாது. மதுரை, தேனி, திருச்சி அரசு சட்டக் கல்லூரிகளில் 5 ஆண்டு படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி விண்ணப்பம் வாங்கும். கட்டணமும் மிகக் குறைவு. 2021-ல் கொண்டுவரப்பட்ட சட்டப்படி, அரசுப் பள்ளி மாணவர்களுக்குச் சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

எந்தக் கல்லூரியில் படித்தாலும், பார் கவுன்சிலில் பதிவு செய்து போடும் கறுப்பு கவுன் ஒன்றுதான். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால், 'டிசம்பர், கிளாட்' என்று இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள்.