ஆங்கில வகுப்பின் ஜனத்தொகை

சரித்திரமும் பூகோளமும் போதிக்கிற ஆசிரியருக்கு எதிரே 30 பேர் உட்கார்ந்திருந்தாலும் 60 பேர் உட்கார்ந்திருந்தாலும், அவருடைய குரல் கடைசி பெஞ்சு வரையில் எட்டுமானால், பாடத்தின் பெரும்பகுதி நடந்தேறிவிட்டதாகவே கொள்ளலாம். ஆனால் வீட்டிலோ தெருவிலோ கடைவீதியிலோ காதில் விழாத ஓர் அந்நிய பாஷையை வகுப்பறைக்குள்ளேயே கேட்டு, அங்கேயே பேசி, அங்கேயே எழுதிப் பழகவேண்டிய பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க வருபவருக்கோ, முன்னே தெரியும் தலைகளின் எண்ணிக்கையே அன்றைய பாடம் எப்படி நடக்கும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயித்துவிடுகிறது. பாஷை அப்பியாசத்தால் வருவது. ஒருவருடைய அப்பியாசத்தை அவருக்காக இன்னொருவர் செய்துவிட முடியாது.

40 நிமிஷப் பீரியடில் பாதியைத் தமக்கு வைத்துக்கொண்டு, மறுபாதியைப் பிள்ளைகளின் சம்பாஷணைக்கென்றே விட்டுக்கொடுக்கும் தாராள சித்தம் ஓர் ஆசிரியருக்கு உண்டென்று வைத்துக்கொள்வோம் (அத்தகையவர்கள் அபூர்வம் என்பது வேறு விஷயம்). 20 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஒரு நிமிஷம் கிடைக்கும். 50 பேர் உள்ள வகுப்பில் 24 விநாடி. எழுந்து நின்று, கூச்சத்தை விழுங்கி, வினைச்சொல் இறந்தகாலமா நிகழ்காலமா என்று மனத்துக்குள் தீர்மானிப்பதற்குள் அந்த 24 விநாடி தீர்ந்துபோகும். ஆகவே, "எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்" என்ற உபாயம் பிறக்கிறது. முன் பெஞ்சுக்காரர்கள் சொல்கிறார்கள்; பின்னால் இருப்பவர்கள் உதட்டை அசைக்கிறார்கள்; வராந்தாவில் நடந்து போகும் தலைமையாசிரியரின் காதுக்கு வகுப்பு அமோகமாக நடப்பதாகவே தோன்றும்.

எழுத்தின் கதி இதைவிடப் பரிதாபம். ஐந்து வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கும் ஒருவரிடம் வாரம் ஒருமுறை 250 காம்போசிஷன் நோட்டுகள் வந்து சேருமானால், நோட்டுக்கு மூன்று நிமிஷம் என்ற சிக்கனக் கணக்கில் பார்த்தாலும் பன்னிரண்டரை மணி நேரம் சிவப்பு மைப் பேனாவைக் கீழே வைக்க முடியாது. அதனால்தான் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதிப்போட, 50 பேரும் அதையே பார்த்து எழுத, 50 நோட்டுகளிலும் ஒரே பசு ஒரே பாலைக் கொடுக்கும் வழக்கம் வேரூன்றியது. ஆசிரியரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை சுயமாகத் தவறு செய்தால் அதைத் திருத்த அவகாசமில்லாத இடத்தில், தவறே நேராதபடி பார்த்துக்கொள்வது ஒன்றுதான் அவருக்கு எஞ்சிய மார்க்கம்.

இந்தச் சங்கடத்தை இந்திய மண்ணில் நேரில் கண்டு ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் வெஸ்ட் முக்கியமானவர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த இந்த ஆங்கிலேயர், வங்காளத்துப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுவதைக் கவனித்து, பாதியில் நின்றாலும் கையில் ஏதேனும் மிஞ்சவேண்டுமானால் முதலில் வாசிப்பையே கற்பிக்கவேண்டும் என்று 1926-இல் வெளியிட்ட நூலில் வாதித்தார். பேசுவதற்கு முறை வரவேண்டும். மௌனமாக வாசிப்பதற்கோ யாரும் முறைக்குக் காத்திருக்கவேண்டியதில்லை, 50 பேரும் ஒரே சமயத்தில் வாசிக்கலாம். 1960-இல் அவர் எழுதிய மற்றொரு நூல், நெரிசலான பெஞ்சுகளும் உஷ்ணமும் அரைகுறை ஆங்கிலம் அறிந்த ஆசிரியரும் சேர்ந்த இத்தகைய வகுப்புகளைப் பற்றியதே.

பிள்ளைகளையே ஒருவருக்கொருவர் ஆசிரியராக்கிவிட்டால் என்ன என்ற யோசனைக்குச் சென்னைப் பட்டணத்திலேயே பூர்வோத்தரம் உண்டு. எழும்பூரில் ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியைப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிர்வகித்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், மூத்த பையன்களைக் கொண்டு இளையவர்களுக்குக் கற்பித்து, அந்த முறையை 1797-இல் லண்டனில் பிரசுரித்தார். 'சென்னை முறை' என்ற பெயரில் அது சீமையெங்கும் பரவியது. சட்டாம்பிள்ளையை வைத்துத் திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய நம் ஊர் அண்ணாவிகளுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருந்திராது. ஆயினும் அட்சரமும் பெருக்கல் வாய்பாடும் தெரிந்த பையன் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்று. ஆங்கிலம் தெரியாத இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வது வேறு.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரையில் தென்னிந்தியப் பள்ளிகளின் சாதாரண வகுப்புகளில் நடத்திய பரீட்சார்த்தத்தில், ரயில்வே கால அட்டவணை, தேசப்படம் முதலியவற்றை முன்வைத்துப் புதிர் போன்ற வேலைகளைக் கொடுத்து, முதலில் வகுப்பு முழுவதோடும் பேசித் தீர்த்து, பிறகு அதே மாதிரியான ஒன்றைப் பிள்ளைகள் தனித்தனியே செய்யும்படி விட்டார். குழுவாகப் பேச விடுவதை அவர் விரும்பவில்லை. ஒருவர் பிழையை மற்றவர் பற்றிக்கொள்வார் என்பது அவருடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானதே எனினும், வாயே திறந்திராத பிள்ளைக்குப் பிழையோடாவது பேசிப் பார்க்கும் சந்தர்ப்பம் முதலில் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வகுப்பைச் சிறிதாக்கினாலே போதுமா? அமெரிக்காவில் டென்னஸி மாகாணம் 1985 முதல் நான்கு ஆண்டுகள் சிறு குழந்தைகளை 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளிலும், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளிலும் சீட்டுக் குலுக்கியதுபோலப் பிரித்து வைத்துப் பார்த்ததில், சிறிய வகுப்புக் குழந்தைகளே வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். இதைக் கண்ட கலிபோர்னியா, 1996-இல் ஆரம்ப வகுப்புகளை ஏறக்குறைய 30 பேரிலிருந்து 20 பேராக ஒரே வீச்சில் குறைத்தது. திடீரென்று ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்படவே, பயிற்சிச் சான்று பெறாதவர்களும் வேலையில் அமர்ந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் அதிகம் போய்ச் சேர்ந்தது, ஏழைகளும் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளும் நிறைந்த பள்ளிகளுக்கே.

நம் தேசத்தில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆரம்ப வகுப்புகளில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று விதித்திருப்பது நல்லதே; ஆனால் ஆரம்பப் பள்ளியில் பள்ளி முழுமைக்கும் போடப்படும் அந்த விகிதம் சரியாக இருக்கும்போதே, இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைச் சேர்த்துக் கட்டி மேய்க்கும் கிராமத்துப் பள்ளிகள் உண்டு. சட்டத்தின் கணக்கு நடைமுறையில் கூடிவரும் வரையில், பெரிய வகுப்புக்காரர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு பீரியடுகளில் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எளிய கதைப் புத்தகங்களோடு மௌன வாசிப்பில் அமர்த்திவிட்டு, மறுபாதியை மேஜையருகே அழைத்துப் பேசவைத்து, அடுத்த முறை அவர்களை மாற்றிக்கொள்ளலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், புதிய நியமனமும் வேண்டாம். நூலக அலமாரியின் பூட்டைத் திறந்து, 25 பிள்ளைகளுக்குப் போதுமான புத்தகங்களை வெளியே எடுக்கத் தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் வேண்டும்.