புது அகப்பக்கம் திறந்தாச்சு, பழைய இணைப்புகள் என்னாவது?

ஆலயங்களும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் அகப்பக்கத்தைப் புதுப்பிக்கும்போது அதன் அழகைத்தான் பார்க்கின்றன. பல ஆண்டுகளாகப் புலனத்தில் சுற்றிய திருப்பணி நன்கொடை இணைப்பைத் தட்டினால் '404' என்று வரும். தோட்டத்தை விட்டுப் போய்விட்ட குடும்பங்களுக்கு ஆலயத்தோடு மிஞ்சியிருப்பது சில வேளைகளில் அந்த ஓர் இணைப்புதான்.

இதற்கு வழி சர்வரிலேயே இருக்கிறது. அப்பாச்சி சர்வரில் 'மோட் ரீரைட்' என்றொரு பகுதி உண்டு. வருபவர் கேட்கும் முகவரியைப் பார்த்து, நாம் எழுதிய விதிப்படி அவரைப் புதுப் பக்கத்துக்கு அனுப்பும். விதிகள் '.எச்டிஆக்சஸ்' என்ற கோப்பில் இருக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சிபேனலில் மறைந்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்ல வேண்டும். தொடுமுன் நகல் எடுத்துவிடுங்கள். ஓர் எழுத்து பிசகினாலும் அகப்பக்கம் முழுவதும் '500' என்று படுத்துவிடும்.

301 நிரந்தர மாற்றம், 302 தற்காலிகம். சோதிக்கும் வரை 302 போதும். 301-ஐ உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். விதியைத் திருத்திய பிறகும் தவறான இடத்துக்கே போகக்கூடும். எல்லாம் சரியென்றால் 301-க்கு மாற்றுங்கள், கூகுளுக்கும் அதுவே தெளிவு.

எல்லா இணைப்பையும் முகப்புக்கே திருப்புவது சோம்பேறித்தனம். நன்கொடை தர வந்தவர் அங்கே நின்று என்ன செய்வார்? பக்கத்துக்குப் பக்கம் விதி எழுதுங்கள்.

டொமேன் பெயரும் மாறியிருந்தால், பழையதற்கும் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வாருங்கள். அது கைவிட்டுப் போனால் எந்த விதியும் உதவாது. வேறொருவர் அதை வாங்கி அங்கே தம் வங்கிக் கணக்கு எண்ணைப் போடலாம்.