உழைக்கும் உடம்புக்கும் பயிற்சி வேண்டும்

"நாள் முழுக்க இரும்போடதான் மல்லுக்கட்டுறேன், எனக்கு எதுக்குங்க தனியா எக்சர்சைஸ்?" கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உடற்பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் இப்படித்தான் பதில் வரும். ரோலிங் மில்லிலும் ஃபவுண்டரியிலும் வெக்கையில் நின்று வேர்த்துக்கொட்டுபவர் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் ஆய்வாளர்கள் தரும் பதில் பலரையும் திகைக்க வைக்கும்.

வேலைக்களைப்பு பயிற்சியாகாது

டென்மார்க்கைச் சேர்ந்த ஆன்ட்ரியாஸ் ஹோல்டர்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் பயிற்சி இதயத்தைக் காக்கிறது. வேலையில் படும் பாடு அந்த அளவுக்குக் காப்பதில்லை. கடும் உடலுழைப்பு வேலையில் இருக்கும் ஆண்களிடம் அகால மரணம் கூடுதலாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றுக்கு இதில் எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. பயிற்சியில் நாடித்துடிப்பு கொஞ்ச நேரம் ஏறும், பிறகு இறங்கும். எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. வேலையிலோ வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது. குனிந்த முதுகு, ஒரே தோளில் பாரம், மணிக்கணக்கில் நிற்கும் கால்கள் என்று ஷிஃப்ட் முடியும்வரை ரத்த அழுத்தம் இறங்க இடைவெளியே கிடைப்பதில்லை. அதற்கு மேல் ஓ.டி. வேறு.

கவனத்தைப் பழக்குதல்

உடற்பயிற்சியின் பெரிய பலன் தசையில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். மெதுவாகக் குனிந்து நிமிரும்போது எந்த இடம் இழுக்கிறது, மூச்சு எங்கே தடைபடுகிறது என்று பார்க்கப் பழகுகிறோம். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின், நாள்பட்ட வலியால் அவதிப்பட்டவர்களுக்கு இந்தக் கவனத்தைத்தான் பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்.

ஷாப் ஃப்ளோரில் இது உயிர் காக்கும் பழக்கம். ஜப்பானிய ரயில் ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டி, வாய்விட்டுச் சொல்லிய பிறகே அடுத்த வேலைக்குப் போவார்கள். 1994இல் அங்கு நடந்த சோதனையில், 100 செயல்களுக்கு 2.38 ஆக இருந்த தவறு இந்த முறையால் 0.38 ஆகக் குறைந்தது. நம் ரயில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும்கூட சிக்னலை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பிரஸ் மெஷினுக்குள் கை வைக்குமுன் சுவிட்சைச் சுட்டிக்காட்டி "ஆஃப்" என்று சொல்ல ஒரு நொடி போதும். பாரம் தூக்கும்போது கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி எழுந்தால் இடுப்பு தப்பிக்கும்.

வீட்டுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் உதவும். சூப்பர்வைசர் மேலிருந்த கோபம் பிள்ளையின் மேல் பாயாமலிருக்க, வாசலில் நின்று நான்கு முறை நிதானமாக மூச்சு விட்டுப் பாருங்கள்.

ஷிஃப்ட் மாறினாலும்

ஒரு வாரம் பகல், மறுவாரம் நைட் என்று மாறுபவருக்குத் "தினமும் காலை ஐந்தரைக்கு எழுங்கள்" என்ற அறிவுரை எதற்கும் உதவாது. நேரத்துக்குப் பதிலாக ஒரு செயலோடு பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குளிப்பதற்கு முன், அல்லது பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ ரயிலைவிட்டு இறங்கியதும் பத்து நிமிட நடை. லண்டனில் பிலிப்பா லாலி குழு நடத்திய ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் பதியச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள்கூட ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. விட்டதற்காக வருந்தாமல் மறுநாள் தொடர்வதே விடாமுயற்சி.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் துண்டு துண்டாகவும் செய்யலாம். மூட்டை தூக்குபவருக்கு நடையும் தசைகளை நீட்டி மடக்குவதும் நல்லது. நாற்காலியிலேயே இருப்பவர் எடைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கு

தூக்கத்துக்கும் ஓய்வுக்கும் மூச்சுப்பயிற்சி மாற்றாகாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. உலைக்கருகே நிற்பவருக்குக் குடிநீரும் நிழலில் இடைவேளையும் வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளர்களுக்கு அவரவர் மொழியில் சொல்லித்தர வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2024 முதல் தொழிற்சாலைகளுக்குள்ளும் வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. முகாம் நடக்கும் நாளில் சம்பளம் பிடிக்காமல் ஆட்களை அனுப்புங்கள்.

எப்போது நிறுத்த வேண்டும்

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் மூச்சுத்திணறல், கண் இருட்டல் இவற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கக் கூடாது. வேலையோ பயிற்சியோ, அங்கேயே நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். வெக்கையில் வேலை செய்பவர் உளறினாலோ மயங்கினாலோ உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், உடையைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.